மலைச் சைக்கிளின் டெரெய்லர்

மலைப்பாதைச் சைக்கிளின் பின் டெரெய்லர், சங்கிலியைப் பற்சக்கரத்தினின்று பற்சக்கரத்திற்கு மாற்றும் கருவியாகும். அது தடுமாறுங்கால் கண்ட திருகுகளையெல்லாம் நாம் திருகலாகாது. முறையாக ஆராய்தல் வேண்டும்.

வண்டி கீழே விழுந்ததாயின், கருவியைத் தாங்கும் தகடு வளைந்துளதாவென முதற்கண் நோக்குவோம். வளைந்திருப்பின் எத்திருகாலும் பயனில்லை. அடுத்து, எல்லைத் திருகுகள் இரண்டும் சங்கிலி வரம்பு கடவாவண்ணம் காக்கும் வேலிகளாம். இடைச் சக்கரங்களின் குறையை அவை தீர்க்கமாட்டா. ஆயினும் உட்புற எல்லையைக் காக்கும் 'எல்' திருகு தளர்ந்திருப்பின், சங்கிலி ஆரக்கம்பிகளிற் சிக்கி அபாயம் விளைக்கும்.

இவை செவ்வனே இருப்பின், குற்றம் பெரும்பாலும் இழுகம்பியின்பாலதே. சங்கிலி பெரிய சக்கரத்தில் ஏறத் தயங்கின் கம்பி தளர்ந்ததெனக் கொண்டு, அதன் முனையிலுள்ள உருளைத் திருகை இடஞ்சுழியாகக் கால்சுற்றுத் திருப்புவோம். சிறிய சக்கரத்திற்கு இறங்கத் தயங்கின், கம்பி மிக இறுகியது. அன்றேல் உறையினுள் அழுக்கேறியது. காரணம் அறிந்த பின்னரே கைவைப்போமாக.