ஊருக்கு டென்னிஸ் மைதானம்: பாதிப் பணம் கட்டினால் வேலை யார் கையில்?

ஜனவரி 26 கிராம சபை நெருங்குகிறது. கூடவே வாசகர் கடிதங்களும் குவிகின்றன. இந்த முறை பலரும் கேட்டிருப்பது ஒரே கேள்விதான். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் எங்கள் ஊரில் ஒரு டென்னிஸ் மைதானம் போட்டு, கிளப்பாக நடத்த முடியுமா? சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகள் பணம் தரத் தயார். ஊராட்சியில் இடம் கிடக்கிறது. ஒன்றிய அலுவலகத்தில் மட்டும் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

டென்னிஸ் என்றதும் சிரிக்க வேண்டியதில்லை. கிரிக்கெட்டின் புண்ணியத்தில் டென்னிஸ் பந்து இல்லாத கிராமம் தமிழ்நாட்டில் இல்லை, டென்னிஸ்தான் இல்லை. 1960, 1961 என அடுத்தடுத்து இரண்டு முறை விம்பிள்டன் அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணன் பிறந்ததும் சென்னையில் அல்ல, நாகர்கோவிலில்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கிராம சபையை விட்டால் அடுத்தது மார்ச் 22. அதற்குப் பிறகு நிதியாண்டில் மிச்சமிருப்பது ஒன்பது நாள். நடுவில் சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் புதிய பணி எதற்கும் ஒப்புதல் கிடைக்காது. கிராம சபை என்றால் என்ன, தீர்மானம் எப்படி எழுதுவது என்பதெல்லாம் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரிந்ததே. நேராகப் பணத்துக்கு வருவோம்.

மக்களின் பங்கேற்பையும் சுயசார்பையும் வளர்க்கும் திட்டம் என்று ‘நமக்கு நாமே’யை அரசு சொல்கிறது. நடைமுறையில் பங்கேற்பது பணம். ஊரே கூடி ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டாலும் ‘பொதுமக்கள் பங்களிப்பு’தான், ஒரே ஆள் ஒரே வரைவோலையாக எடுத்து நீட்டினாலும் ‘பொதுமக்கள் பங்களிப்பு’தான். 1997-98-ல் தி.மு.க. ஆட்சியில் தொடங்கியது, 2011-ல் அ.தி.மு.க. ஆட்சியில் ‘தன்னிறைவுத் திட்டம்’ என்று பெயர் மாறியது, 2021-22-ல் பழைய பெயருக்கே திரும்பியது. பலகைதான் மாறியதே தவிர அடிப்படைக் கணக்கு மாறவில்லை. (2015-ல் ஸ்டாலின் ஊர் ஊராகப் போன ‘நமக்கு நாமே’ பயணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதையும் ஒருவர் கேட்டிருக்கிறார்.)

கணக்கு இதுதான். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும், மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர் குடியிருப்புப் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஒன்றியப் பொறியாளர் எஸ்டிமேட் போடுவார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக ஒப்புதல் தருவார், டெண்டர் விடப்படும். இதுவரை எல்லா அரசுப் பணியும் போலத்தான். அடுத்த விதிதான் வேறு மாதிரி: உங்கள் பங்கு 50 சதவீதத்தைத் தொட்டுவிட்டால், வேலையை நீங்களே செய்யலாம், அல்லது நீங்கள் சொல்லும் ஆளைக் கொண்டு செய்யலாம்.

மைதானத்துக்கு எஸ்டிமேட் 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சம் கட்டினால் நீங்கள் நன்கொடையாளர். பாராட்டு உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு, வேலையில் கை வைக்க முடியாது. 4.5 லட்சம் கட்டினால் வேலையே உங்கள் கையில். அதாவது கூடுதலாகப் போடும் ஒன்றரை லட்சம், 9 லட்சம் ரூபாய் வேலையின் கடிவாளத்தை வாங்கித் தருகிறது. அரசுக்கும் இதில் லாபம்தான். 6 லட்சம் போட வேண்டிய இடத்தில் 4.5 லட்சத்தோடு தப்பிக்கிறது.

நேர்மையான ஊருக்கு இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. டென்னிஸ் தளம் என்பது சாலை இல்லை. ஒன்றியத்து ஒப்பந்ததாரர் வாழ்நாளெல்லாம் போட்டது சாலைதான்: நடு உயர்ந்து இருபக்கமும் சரியும். டென்னிஸ் தளம் அப்படி இருக்கக் கூடாது. ஒரே பக்கமாக, நூறு அடிக்கு ஓரடி என்ற கணக்கில் மெல்லச் சரிய வேண்டும். 60 அடி அகலத்தில் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் ஆறேழு அங்குலம் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது, மழைத் தண்ணீருக்குத் தெரியும். நடுவில் மேடு வைத்துப் போட்டால் பந்து கோணலாக எழும்பும். சரிவே இல்லாமல் போட்டால் ஐப்பசி மழைக்குக் குளம். நீளவாக்கு வடக்கு-தெற்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையிலும் மாலையிலும் ஒரு பக்கத்து ஆட்டக்காரருக்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். இதெல்லாம் எஸ்டிமேட் தாளில் வராது. தளம் போட்டுப் பழகிய ஆளை நீங்களே தேடிப் பிடிக்க 50 சதவீத விதி வழிவிடுகிறது.

இப்போது இதே விதியைப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். எஸ்டிமேட் அரசின் விலைப்பட்டியல் விகிதப்படி போடப்படுகிறது. 9 லட்சம் என்று எழுதிய வேலை உண்மையில் 6 லட்சத்தில் முடிகிறது என்று வையுங்கள். நீங்கள் கட்டியது 4.5 லட்சம். வேலை முடிந்து பில்லாகக் கைக்கு வருவது 9 லட்சம். செலவு 6 லட்சம். கழித்துப் பார்த்தால் உங்கள் கைக்காசு ஒன்றரை லட்சம்தான். பாதிக்குப் பாதி என்று கல்வெட்டு சொல்லும். உண்மையில் நான்கில் மூன்று பங்கை அரசு கொடுத்திருக்கிறது. செலவு 4.5 லட்சத்தில் அடங்கிவிட்டால் உங்கள் பங்களிப்பு பூஜ்யம். அதற்கும் கீழே போனால் நன்கொடையாளருக்கு லாபம். டெண்டர் இல்லை, போட்டி இல்லை. பங்களிப்பவரே வேலை செய்பவர் என்பதால் விலையைக் கேள்வி கேட்க எதிராளியும் இல்லை.

எல்லா ஊரிலும் இப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடந்தால் வெளியே தெரிய வழியில்லாதபடி விதி இருக்கிறது என்கிறேன். ‘பொதுமக்கள்’ என்ற பெயரில் வரைவோலை எடுப்பவர் ஒப்பந்ததாரராகவே இருந்தால் அதைத் தடுக்க இருப்பவை இரண்டு: எஸ்டிமேட்டைப் போட்ட பொறியாளரின் மனசாட்சி, வேலையை அளந்து எழுதும் எம்-புக். இரண்டையும் கிராம சபையில் யாரும் பார்ப்பதில்லை.

கிராம சபையிலும் இப்போது யார் இருக்கிறார்கள்? 2025 ஜனவரி 5-உடன் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. காஞ்சிபுரம், வேலூர், தென்காசி உள்ளிட்ட 9 மாவட்டங்களில்தான் 2021 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மற்ற இடங்களில் தனி அலுவலர் ஆட்சி. கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் வேறு யாருமில்லை, வட்டார வளர்ச்சி அலுவலர்தான். ஊராட்சியின் சார்பில் நிலம் தர இசைந்து கையெழுத்துப் போடுவது அவர் நாற்காலி. அந்தக் கோப்பு போய்ச் சேருவதும் அவர் அலுவலகம். ஊர் கேட்கிறது, அரசு தருகிறது என்பதெல்லாம் ஒரே மேஜையில் முடிகிறது. கேள்வி கேட்க வேண்டிய தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லாத ஊரில் அந்த வேலை உங்கள் தலையில்தான்.

நிலத்துக்கு வருவோம். ஓடும் இடத்தையும் சேர்த்து ஒரு மைதானத்துக்கு 120-க்கு 60 அடி, அதாவது பதினாறரை சென்ட் வேண்டும். வேலிக்கும் நடைக்கும் சேர்த்து 20 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கிடக்கும் இடம்’ என்று கடிதங்களில் எழுதியிருப்பது எந்த வகைப் புறம்போக்கு என்று கிராமக் கணக்கில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஏரி, குளம், வாய்க்கால் என்றால் அந்த யோசனையை இன்றே விடுங்கள். 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மேய்ச்சல் நிலமும் மந்தையும் ஊர்ப் பொது நிலம். அதைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. பதிவு செய்த கிளப்பும் சட்டத்தின் கண்ணில் தனியார்தான். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறையைக் கேட்க வேண்டும். அது தனிக் கதை.

எனக்குச் சரியாகப் படும் இடம் அரசுப் பள்ளி வளாகம். நிலம் அரசுடையது, சுற்றுச்சுவர் இருக்கிறது, பகலில் பிள்ளைகளுக்கும் மாலையில் ஊருக்கும் பயன்படும். கல்வித்துறை அனுமதி தேவை. அலைச்சல்தான், ஆனால் பின்னால் வழக்கு வராது.

மைதானம் ஊராட்சியின் சொத்து, அல்லது பள்ளியின் சொத்து. கிளப் அதைப் பராமரிக்கலாம், உரிமை கொண்டாட முடியாது. இதை மறந்துதான் பல ஊர்களில் சண்டை. பாதிப் பணம் போட்டோம், எங்களுக்குத்தான் சாவி என்பார்கள். சாவி யார் வீட்டு ஆணியில் தொங்குகிறதோ அந்தத் தெருவுக்குத்தான் மைதானம் என்று ஆகிவிடும். அந்தத் தெரு எது என்று தமிழ்நாட்டில் விளக்க வேண்டியதில்லை. காலனிப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுக்கும் மைதானத்துக்கு அரசுப் பணம் ஏன் போக வேண்டும்? ஊராட்சி எல்லைக்குள் வசிக்கும் யாரும் உறுப்பினராகலாம், சந்தா கட்ட முடியாத மாணவர்களுக்கும் நேரம் ஒதுக்கப்படும், சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும் என்ற மூன்றையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு சேர்க்கலாம் என்றால் சேராது.

பராமரிப்புக்குத் திட்டத்தில் பணம் இல்லை. 2019-20-ல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது, 2024-ல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வந்தது. அவை வந்த பிறகும் வலைக் கம்பத்தில் ஆடு கட்டியிருக்கும் மைதானங்களை நான் மட்டுமல்ல, நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிமென்ட் தளத்தின் மேல் பூசும் அக்ரிலிக் வண்ணப் பூச்சுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபூச்சு வேண்டும். செம்மண் தளத்துக்குத் தினமும் தண்ணீரும் அவ்வப்போது உருளையும் வேண்டும். கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கும் ஊர் செம்மண் தளத்தை நினைக்கவே வேண்டாம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

சங்கம் பதிவு செய்ய எத்தனை பேர்? ஏழு பேர், 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், மாவட்டப் பதிவாளர் அலுவலகம்.

வெளிநாட்டில் இருப்பவர் சங்கக் கணக்கில் பணம் போடலாமா? இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் தாராளமாக; சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்கான பதிவு இல்லாமல் ஒரு வெள்ளிகூட வாங்காதீர்கள்.

சட்டமன்ற உறுப்பினர் நிதியில் கேட்கலாமா? கேட்கலாம்; தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி, உங்களுக்கு முன்னால் நிற்பவை சாலையும் வகுப்பறையும்.

நூறு நாள் வேலையில் தரையைச் சமப்படுத்தலாமா? 2005 சட்டத்தின் பணிப்பட்டியலில் விளையாட்டு மைதானம் இருந்தது; சட்டமே மாறியிருப்பதால் இப்போதைக்கு அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

கட்டிய பணத்துக்கு ஈடாக மைதானத்துக்கு எங்கள் அப்பா பெயரை வைக்கலாமா? கல்வெட்டோடு திருப்திப்படுங்கள்.

இவ்வளவு செலவில்லாமல் தொடங்க வழி உண்டா? உண்டு. பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தை உலக டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதலே நிறுத்திவிட்டது. சின்னப் பிள்ளைகள் மெதுவான சிவப்புப் பந்தை வைத்து 36 அடி நீளத் தளத்தில் ஆடுகிறார்கள். உங்கள் ஊர் ஷட்டில் தளம் 44-க்கு 20 அடி; வலையை இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் போதும். ஆறு மாதம் அதில் ஆடிப் பார்த்து, அதற்குப் பிறகும் மாலையில் இருபது பிள்ளைகள் வந்தால் 9 லட்சத்தைப் பற்றிப் பேசலாம்.

அதற்குள் பணம் கட்டியே தீருவது என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வரைவோலை எடுப்பதற்கு முன் எஸ்டிமேட் நகலைக் கேட்டு வாங்கி, கிராம சபையில் வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் எம்-புக் நகலையும் அப்படியே. தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 6(1) மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள்.