மருந்து யாருக்குச் சொந்தம்? தோஹாவில் எழுதிய ஒரு பதில்



புதிய மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செய்தியில் கேட்கிறோம். வீட்டில் ஒருவருக்கு அது தேவைப்படும்போது, இன்சூரன்ஸ் அட்டையில் அந்த மருந்து இல்லை என்கிறார்கள். கைக்காசுக்கு வாங்க வசதி இல்லை. “பெரிய கம்பனிகள்தானே தடுக்கின்றன?” என்று நேயர் ஒருவர் என்னிடம் கேட்டார். இதற்கு நாம் வாழும் வளைகுடாவிலேயே ஒரு பதில் எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் காப்புரிமையைப் பார்ப்போம். ஒரு மருந்தைக் கண்டுபிடித்த கம்பனி, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடங்களுக்குத் தன் அனுமதியின்றி வேறெவரும் அதைச் செய்யாமல் தடுக்கலாம். போட்டி இல்லாததால் கம்பனி சொல்வதே விலை. 2001இல் எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு மேற்கு நாடுகளில் வருடத்துக்கு 10,000 டொலருக்கு மேல் செலவானது. அதையே 350 டொலருக்குத் தர மும்பையின் சிப்லா கம்பனி முன்வந்தது.

அதே வருடம் நவம்பர் 14ஆம் திகதி, கட்டாரின் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் ஒரு பிரகடனம் செய்தார்கள். மக்களின் சுகாதாரத்தைக் காக்க அரசுகள் எடுக்கும் நடவடிக்கைகளுக்குக் காப்புரிமை தடையாகக்கூடாது என்றது அது. காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும், அவருக்கு ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, மற்றொருவர் மருந்தைச் செய்ய அரசு அனுமதிக்கலாம் என்பதையும் உறுதிசெய்தது. இதன் பெயர் ‘கட்டாய உரிமம்’.

2012இல் இந்தியா இதைச் செய்தது. பேயர் கம்பனியின் நெக்ஸாவர் என்ற புற்றுநோய்க் குளிசைக்கு மாதம் ஏறத்தாழ 2,80,000 ரூபாய் செலவானது. உரிமம் பெற்ற ஹைதராபாத்தின் நாட்கோ அதை 8,800 ரூபாய்க்குக் கொடுத்தது.

காப்புரிமையே கொடுக்காமல் விடுவது இன்னொரு வழி. இரத்தப் புற்றுநோய்க்கான க்ளிவெக் மருந்துக்கு நொவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னை அலுவலகம் மறுத்தது. தெரிந்த பொருளின் வடிவத்தைச் சற்று மாற்றினால் மட்டும் போதாது, நோயைக் குணமாக்கும் ஆற்றலும் கூடியிருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். 2013 ஏப்ரல் 1ஆம் திகதி உச்ச நீதிமன்றமும் மறுப்பை உறுதிசெய்தது.

ஆராய்ச்சிக்குப் பெருஞ்செலவு, பல முயற்சிகள் தோற்றுப்போகின்றன என்று கம்பனிகள் சொல்வதும் உண்மைதான். ஆனால் பல மருந்துகளின் ஆரம்ப ஆய்வில் அரசுப் பணமும் சேர்ந்திருக்கிறது. ஆகவே என் பதில் இதுதான்: கம்பனிகள் தடுக்கின்றன, அந்தத் தடையை நீக்கும் அதிகாரம் அரசுகளிடம் உண்டு, அவைதான் தயங்குகின்றன. நெக்ஸாவருக்குப் பிறகு இந்தியாவிலேயே வேறு மருந்துகளுக்கு வந்த விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பனடோல் என்பது கம்பனி வைத்த பெயர், பரசிற்றமோல் என்பது மருந்தின் பெயர். காப்புரிமைக் காலம் முடிந்த மருந்துகளைப் பல கம்பனிகள் செய்கின்றன. “இதே மருந்து குறைந்த விலையில் வேறு பெயரில் இருக்கிறதா?” என்று வைத்தியரிடமும் பாமசியிலும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் வைத்தியர் சொல்லாமல் குளிசையை நீங்களாக மாற்றாதீர்கள்.