பழைய சட்டமும் புதிய எஞ்சினும்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரைவிட்டு வந்த குடும்பங்கள், வந்த இடத்திற்குத் தம்முடன் எடுத்துவந்த பொருள்களை எளிதில் கைவிடுவதில்லை. பித்தளை அண்டா, தையல் இயந்திரம், பாட்டனாரின் படம் ஆகியவற்றோடு, சில வீடுகளில் ஒரு மோட்டார் சைக்கிளும் அவ்வாறு வந்து சேர்ந்திருக்கும். திருப்பதியில் எங்கள் தெருவிலுள்ள ஒரு வீட்டிற்கு வேலூரிலிருந்து வந்து சேர்ந்தது ஒரு புல்லட். அதை வாங்கி ஓட்டியவர் இன்று உயிருடன் இல்லை. வண்டி மட்டும் திண்ணையோரத்தில், கீழே எண்ணெய் சொட்டுவதற்கென ஒரு தகரத்தட்டு வைக்கப்பட்ட நிலையில், நெடுநாளாக நின்றுகொண்டிருந்தது.

அவருடைய மகன் வேலைக்குப் போகும் இளைஞன். அந்த வண்டியில் தாயாரை ஏற்றிக்கொண்டு ஒருமுறை திருமலைக்குச் சென்றுவர வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் பழைய எஞ்சினை அவன் நம்பவில்லை. புது மாதிரி எஞ்சினையும், டிஸ்க் பிரேக்குடன் கூடிய முன் ஃபோர்க்கையும், புதிய ஷாக் அப்சார்பர்களையும் அதே சட்டத்தில் பொருத்திவிடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என்னிடம் வந்து கருத்துக் கேட்டான். எனக்குத் தெரிந்ததோ கொஞ்சம். ஆகவே, சித்தூரிலிருந்து வந்து இங்கே நெடுங்காலமாகப் பட்டறை வைத்திருக்கும் முதிய மேஸ்திரி ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்றேன்.

மேஸ்திரி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "தம்பி, எஞ்சினைக் கழற்றி வேறொன்றை வைப்பது பெரிய வேலை இல்லை. வைத்த பிறகு அந்த வண்டி எந்த வண்டி என்பதுதான் கேள்வி. முதலில் உனக்கு என்ன குறை என்று சொல்" என்றார்.

"சக்தி போதாது மேஸ்திரி. அம்மாவை வைத்துக்கொண்டு மலை ஏற வேண்டும்" என்றான் பையன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருளை எண்களைப் பார்த்த பிறகுதான் நான் உணர்ந்தேன். அன்பர்களும் அவற்றை அறிந்துகொள்வது நன்று.

சென்னையைச் சேர்ந்த திருவொற்றியூரில் 1955-ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தை ஏற்படுத்தின. இங்கிலாந்தில் அத்தொழில் 1970-ஐ ஒட்டி அற்றுப்போயிற்று, திருவொற்றியூரிலோ நிற்கவில்லை. அங்கு செய்த புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். அதன் ஆற்றல் 18 குதிரைத்திறன். 2008-ஆம் ஆண்டு முதல் வரத் தொடங்கிய, எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கூடாக அமைந்த புதிய எஞ்சினிலும் அதே 70, அதே 90, அதே 346. ஆற்றல் ஏறக்குறைய 20 குதிரைத்திறன். அதற்கும் பிற்பட்டு, 2020-இல் மீட்டியோர் வண்டியிலும் 2021-இல் கிளாசிக் வண்டியிலும் வந்த எஞ்சின் 349 கன சென்டிமீட்டர், 20.2 குதிரைத்திறன். ஆக, இத்தனை ஆண்டு முன்னேற்றத்தில் கூடிய ஆற்றல் இரண்டு குதிரைக்குச் சற்று மேல், அவ்வளவே!

அப்படியானால் புதிய எஞ்சினால் பயன் இல்லையா? உண்டு. அதில் எண்ணெய் ஒழுகுவது அரிது. வால்வுகளின் இடைவெளியை அது தானே சரிசெய்துகொள்ளும். பொத்தானை அழுத்தினால் புறப்படும். பழைய வண்டியின் உதை பின்னுக்கு அடித்துக் கணுக்காலில் வலி கண்டவர்கள் இதன் அருமையை அறிவார்கள். ஆயினும் இவையெல்லாம் வசதியேயன்றி, மலையேறும் வலிமை ஆகா.

இனிச் சட்டத்திற்கு வருவோம். நம் மொழியில் சட்டம் என்ற சொல் இரும்பால் செய்த கூட்டையும் குறிக்கும், அரசாங்கத்தின் விதியையும் குறிக்கும். இந்த வேலையில் இரண்டு சட்டங்களும் குறுக்கே நிற்கின்றன.

முதலில் இரும்புச் சட்டம். பழைய புல்லட்டின் முன்புறத்தில் ஒரே குழாய் கீழிறங்கி எஞ்சினுக்கு முன்னால் முடிந்துவிடுகிறது. எஞ்சினுக்கு அடியில் குழாய் கிடையாது. முன் குழாயையும் பின் பாகத்தையும் இணைத்துப் பிடித்திருப்பது எஞ்சினே. அதாவது எஞ்சின் சட்டத்தின்மேல் வைத்த சுமையன்று. சட்டத்தின் ஓர் உறுப்பு. தூணுக்கும் தூணுக்கும் இடையே உத்திரம் எப்படியோ, அப்படி. அந்த இடத்தில் வேறு உருவமுள்ள எஞ்சினைத் தொங்கவிட வேண்டுமானால், தகட்டை வெட்டிப் புதுத் தாங்கிகள் செய்து பற்றவைக்க வேண்டும். பற்றவைப்பில் குழாய் கோணினாலோ, சூட்டில் இரும்பு தளர்ந்தாலோ, கண்ணுக்குத் தெரியாது, வளைவில்தான் தெரியும். சங்கிலி ஓடும் முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் சங்கிலி அறுபடும்.

செய்த கம்பெனியே இதில் எவ்வாறு நடந்துகொண்டது என்பதைக் கவனித்தால் பாடம் கிடைக்கும். ஆஸ்திரியா நாட்டு ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையோடு அமைத்த அலுமினிய எஞ்சினில், பழைய முறைப்படியே கியர் பெட்டியைத் தனியாக வைத்தார்கள். ஆனால் 2021-இல் முற்றிலும் புதிய எஞ்சினைக் கிளாசிக் வண்டிக்குக் கொடுத்தபோது, ஒற்றைக் குழாய்ச் சட்டத்தைக் கைவிட்டு, இரட்டைக் குழாய் இறங்கும் புதுச் சட்டத்தையே செய்தார்கள். எஞ்சினைச் செய்தவர்களே அதற்கெனத் தனிச் சட்டம் செய்தார்கள் என்றால், தெருவோரத்துப் பட்டறையில் பழைய சட்டத்தை வெட்டி அதைப் பொருத்துவது எத்தகைய துணிச்சல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேற்று எஞ்சின் ஏற்றப்பட்ட வரலாறும் புல்லட்டுக்கு உண்டு. டீசல் மலிவாக விற்ற நாளில், வேறு பணிகளுக்கென்று செய்த சிறு டீசல் எஞ்சின்களைப் பட்டறைகளில் புல்லட் சட்டத்தில் ஏற்றி ஓட்டினார்கள். 1990-களில் கம்பெனியே 325 கன சென்டிமீட்டர் கிரீவ்ஸ் லம்பார்டினி டீசல் எஞ்சினைப் பொருத்தி டாரஸ் என்ற பெயரில் விற்றது. ஆற்றல் 6.5 குதிரைத்திறன், பெட்ரோல் புல்லட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். சிக்கனத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. அதிர்விலும் ஆளில்லை. புகை விதிகள் இறுகியபோது அதன் காலம் முடிந்தது. எந்த மாற்றமும் ஒன்றைக் கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொள்ளும் என்பதற்கு அந்த வண்டி சான்று.

"சரி மேஸ்திரி, எஞ்சின் வேண்டாம். முன் ஃபோர்க்கையாவது மாற்றலாமல்லவா?" என்றான் பையன்.

மேஸ்திரி ஹெட்லைட்டைத் தட்டிக் காட்டினார். "இது வெறும் விளக்குக் கூடு என்று நினைக்கிறாயா? இதுதான் ஃபோர்க்கின் மேல் தலை. குழாய்கள் இதற்குள்தான் திருகி நிற்கின்றன. ஃபோர்க்கைக் கழற்றினால் இதுவும் போக வேண்டும். இரண்டு பக்கமும் இருக்கிற இந்தச் சிறு கண் விளக்குகளும் போகும். உங்கள் அப்பா துடைத்துத் துடைத்து வைத்திருந்ததும் இதைத்தான்" என்றார். பையன் பேசவில்லை.

இதில் அழகு மட்டும் அடங்கியிருக்கவில்லை. ஹாண்டில் தண்டு நிற்கும் சாய்வை அளந்துதான் சட்டத்தைச் செய்திருக்கிறார்கள். அந்தச் சாய்வுக் கோட்டைத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்திற்குச் சற்று முன்னால் விழும். இந்தச் சிறு இடைவெளிதான் வண்டியை நேராக ஓடச் செய்கிறது. புதிய ஃபோர்க் நீளத்தில் குறைந்தால் முன்புறம் தாழ்ந்து இடைவெளி சுருங்கும், வண்டி பதறும். நீண்டால் வளைவில் திரும்ப மறுக்கும். பின் ஷாக் அப்சார்பர்களுக்கும் இதே கணக்குத்தான். பழையதன் நீளத்திற்கு ஒத்த நீளமுள்ள நல்லவற்றைப் பொருத்தினால் முதுகுக்குச் சுகம்; நீளத்தை மாற்றினால் முன்சாய்வும் மாறிவிடும்.

காலின் பழக்கம் ஒன்றும் உண்டு. பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். 2008-க்குப் பின் வந்த எஞ்சினில் கியர் இடக்காலில் இருக்கும். ஆகவே பின் பிரேக் மிதியையும் வலப்புறம் கொண்டுவர வேண்டும். கருவியை மாற்றி வைப்பது எளிது. ஆபத்து வேளையில் கால் தானாகத் தேடும் பக்கத்தை மாற்றுவது எளிதன்று.

திருமலைப் பாதையோ இத்தகைய சோதனைகளுக்கு ஏற்ற இடமன்று. மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவின் திட்டப்படி அமைந்த முதல் மலைப்பாதை 1944-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் பாதை 1974-இல் வந்தது. இப்போது புதிய பாதையில் ஏறுகிறோம். பழைய பாதையில் இறங்குகிறோம். கொண்டை ஊசி வளைவுகள் மிகுந்திருப்பது இறங்கும் பாதையில்தான். அங்கே விரைந்து போவதற்குப் பரிசும் இல்லை. ஏறுவதற்கு 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம் என்று தேவஸ்தானம் கணக்கு வகுத்தது. அதற்கு முன்னால் வந்து சேர்ந்தால் தண்டம். ஆகவே அப்பாதையில் தேவைப்படுவது கூடுதலான இரண்டு குதிரைகள் அல்ல. தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக்குகள் சூடேறித் தளராமல் இருக்க வேண்டும். ஓட்டுபவனுடைய கால் தவறாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அரசாங்கச் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறுபடுமாறு வண்டியை மாற்றுதல் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சான்றிதழில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. அதே வகை எஞ்சினை வைத்தாலும், பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற்றுப் புதிய எண்ணை ஏற்ற வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத எஞ்சின், திருட்டு வண்டியின் எஞ்சினாகவும் இருக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அந்த எண்களையே.

நம்போன்ற குடும்பங்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்திற்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும். அதற்குப் பழைய ஊரின் அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியானால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். எங்கள் தெருப் புல்லட் இன்னும் தமிழ்நாட்டு எண்ணுடனேயே நின்றுகொண்டிருந்தது. தந்தையார் பெயரிலிருந்து உரிமையும் மாற்றப்படவில்லை. வெட்டி ஒட்டிய வண்டியைச் சோதனைக்கு எப்படி நிறுத்துவது?

இவ்வளவும் கேட்ட பின் பையன் ஒரு முடிவுக்கு வந்தான். எஞ்சினை மாற்றவில்லை, அதையே பிரித்துச் சீராக்கச் சொன்னான். சிலிண்டரைக் கடைந்து பிஸ்டன் புதிதாக்கப்பட்டது. வால்வுகள் தேய்த்துச் சரிசெய்யப்பட்டன. ஒழுகிய இணைப்புகள் அடைக்கப்பட்டன. முன் ஃபோர்க்கில் புதிய சீல்களும் எண்ணெயும் இடப்பட்டன. பின்னால் அதே நீளமுள்ள புதிய ஷாக் அப்சார்பர்கள். பிரேக் டிரம்களைக் கடைந்து புதிய லைனிங் ஒட்டினார்கள். இந்த வேலை நடந்துகொண்டிருக்கையிலேயே அவன் வேலூர் அலுவலகத்திற்கு மூன்று முறை போய்வந்தான். பட்டறை வேலையைவிட அந்த வேலைதான் நீண்டது. தந்தையாரின் இறப்புச் சான்றிதழை அங்கே நீட்டிய நாளில் மட்டும் வீட்டுக்கு வந்து அவன் சாப்பிடவில்லை என்று அவன் தாயார் சொன்னார்.

காகிதங்கள் வந்த பிறகு ஒரு விடியற்காலையில் இருவரும் மலைக்குச் சென்றார்கள். திரும்பி வந்ததும் அந்த அம்மாள் எங்கள் வாசலில் நின்று, "இறங்க ஐம்பது நிமிஷம் ஆச்சு. அவங்க அப்பாவும் இப்படித்தான் மெதுவா ஓட்டுவார்" என்றார்.

வீட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள், புதிய எஞ்சினுக்கு விலை விசாரிக்கும் முன் மூன்றைப் பார்த்துக்கொள்வார்களாக. பிரேக் பிடிக்கிறதா? ஷாக் அப்சார்பர் தாங்குகிறதா? பதிவுப் புத்தகம் யார் பெயரில், எந்த மாநிலத்தில் இருக்கிறது? இவை மூன்றும் செம்மையாக இருந்தால், பழைய எஞ்சினே நம்மை இன்னும் நெடுந்தூரம் கொண்டுசெல்லும். தகரத்தட்டு மட்டும் எங்கள் தெருத் திண்ணையோரத்தில் இன்னும் இருக்கிறது. சொட்டுகள் குறைந்திருக்கின்றன, முற்றும் நிற்கவில்லை.