வலி போய்விட்டது, எலும்பு தாங்குமா?

மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய் எலும்புக்குப் பரவும்போது பெரும்பாலும் முதுகெலும்பில்தான் போய் உட்காரும். மாத்திரைக்கும் கதிர்வீச்சுக்கும் வலி அடங்காவிட்டால், கட்டியைச் சுட்டு அழிக்கும் சிகிச்சை இன்று கைகொடுக்கிறது. ஸ்கேனில் பார்த்தபடியே தோல் வழியாக எலும்புக்குள் ஊசியை இறக்குவார்கள். அதன் முனையில் பாயும் ரேடியோ அலை மின்சாரம் சுற்றியுள்ள திசுவைச் சூடாக்கும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்கள் உடனே இறந்துவிடும். பலருக்குச் சில நாட்களிலேயே வலி குறைகிறது. பெரிய ஆறுதல் இது.

ஆனால் வலி போவது வேறு, எலும்பு பலப்படுவது வேறு.

எலும்பின் கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியம் தாது இந்தச் சூட்டில் அழியாது. அதைப் பிணைக்கும் கொலாஜன் இழைகளுக்கும் தாதுவே ஓரளவு கவசம். அதனால் சிகிச்சை முடிந்த அன்று எலும்பின் உறுதி பெரிதாகக் குறைவதில்லை. சாவது உள்ளே வாழும் ஆஸ்டியோசைட் செல்கள். நடக்கும்போதும் குனியும்போதும் எலும்பில் விழும் நுண்விரிசல்களைக் கண்டுபிடித்து, பழுதுபார்க்கச் சொல்பவை அவைதான். அவற்றை இழந்த எலும்பு, கொத்தனார் வராத பழைய வீடு மாதிரி: இன்று நிற்கும், விரிசல்கள் சேர்ந்துகொண்டே போகும். 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் பட்டாலே முயலின் எலும்பு பாதிக்கப்படுவதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983-இல் காட்டினார்கள். உடல் பழுதுபார்க்க வரும்போதும் முதலில் செத்த எலும்பைக் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டுகிறது. இடைப்பட்ட வாரங்களும் மாதங்களும்தான் ஆபத்தானவை.

புற்று ஏற்கெனவே அரித்த எலும்பு என்றால் கவலை இரட்டிப்பு. எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிட்டதே கட்டிதான். அதை அழித்தால் அரிப்பு நிற்கும், இது உண்மையான லாபம். அரித்த குழி மட்டும் அப்படியே இருக்கும். புராஸ்டேட் புற்று பரவிய எலும்போ, ஸ்கேனில் பெரும்பாலும் வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரியும். ஒழுங்கில்லாமல் கட்டப்பட்ட அந்த எலும்பையும் நம்ப முடியாது.

அதனால்தான் முதுகெலும்பில் கட்டியைச் சுட்ட கையோடு பல மருத்துவர்கள் அக்ரிலிக் சிமென்ட்டையும் செலுத்திவிடுகிறார்கள். மேலிருந்து அழுத்தும் பாரத்தை அது தாங்கும். தொடை எலும்பு வளையும், முறுகும்; அங்கே சிமென்ட் மட்டும் போதாது, உலோகக் கம்பி தேவைப்படலாம். நீண்ட எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்க 1989-இல் வந்த மிரெல்ஸ் மதிப்பீட்டில் மொத்தம் 12 புள்ளிகள். 9-ஐ எட்டினால் முறியும் முன்பே கம்பி பொருத்தச் சொல்கிறது. அதன் நான்கு அளவுகோல்களில் வலியும் ஒன்று. சூட்டால் நரம்பு மரத்து வலி குறைந்திருந்தால், அந்தப் புள்ளி குறைந்ததை எலும்பு தேறியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: இந்த எலும்பு பாரம் தாங்குமா, சிமென்ட்டோ கம்பியோ வேண்டுமா, எத்தனை மாதம் கனம் தூக்கக் கூடாது? படுத்திருக்கையில் இல்லாத வலி எழுந்து நின்றதும் வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.