விளிம்பில்லாதது முடிவில்லாததா?

1998 டிசம்பர் 29. அண்டார்க்டிகாவில் அப்போது கோடை. சூரியன் மறைவதே இல்லை. மெக்மர்டோ ஆய்வு நிலையத்துக்கு அருகில், பனித்தளத்திலிருந்து ஒரு ராட்சத ஹீலியம் பலூன் மேலெழுந்தது. அதன் அடியில் தொங்கிய தொலைநோக்கியின் உணர்கருவிகள், தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் வெறும் 0.3 டிகிரி என்ற கடுங்குளிரில் வைக்கப்பட்டிருந்தன. சுமார் 37 கிலோமீட்டர் உயரத்தில், தென்துருவத்தைச் சுற்றி வீசும் காற்று பலூனை ஒரு முழு வட்டம் அடிக்க வைத்து, பத்தரை நாள் கழித்துப் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து சேர்த்தது. சோதனையின் பெயரும் அதற்கேற்றதுதான்: பூமராங். இத்தாலியின் பாவ்லோ தெ பெர்னார்டிஸும் அமெரிக்காவின் ஆண்ட்ரூ லாங்கேயும் அதை வழிநடத்தினார்கள்.

அவர்கள் அளக்கப் போனது ஒரு முக்கோணத்தை. அதன் ஒரு முனை நாம். மற்ற இரண்டு முனைகளும் நம்மால் பார்க்க முடிந்த பேரண்டத்தின் கடைக்கோடியில். மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 டிகிரி வருகிறதா? பள்ளிப் பிள்ளைகளின் வடிவியல் பாடத்திலிருந்து எடுத்த இந்தக் கேள்விக்காக ஏன் அண்டார்க்டிகாவரை போனார்கள் என்பது புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அண்டத்துக்கு முடிவு உண்டா என்பது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்படும் கேள்வி. ஆர்க்கிடாஸ் என்ற கிரேக்கர் அதற்கு ஒரு கூர்மையான வாதம் வைத்தார். உலகின் விளிம்புக்கே போய் நின்று கையை வெளியே நீட்டினால் என்ன ஆகும்? நீட்ட முடிந்தால் அது விளிம்பல்ல. முடியாவிட்டால், கையைத் தடுக்கும் ஏதோ ஒன்று அப்பால் இருக்கிறது. அப்போதும் அது விளிம்பல்ல. ஆகவே அண்டம் முடிவற்றது என்றார். இதை மறுக்க வழியில்லாமல் பலரும் திணறினார்கள். 1781இல் ஜெர்மானியத் தத்துவவாதி இமானுவேல் கான்ட், உலகுக்குத் தொடக்கமும் எல்லையும் உண்டு என்பதற்கு ஒரு நிரூபணம், இல்லை என்பதற்கு ஒரு நிரூபணம் என இரண்டையும் எதிரெதிரே வைத்தார். இரண்டும் சம வலுவோடு நின்றன. பகுத்தறிவால் தீர்க்கக்கூடிய வழக்கே இல்லை இது என்பது அவர் தீர்ப்பு.

அந்த முட்டுக்கட்டையை உடைத்தவர் ஒரு கணிதர். 1854 ஜூன் மாதம், கட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 27 வயது பெர்ன்ஹார்ட் ரீமான் ஓர் உரை நிகழ்த்தினார். விளிம்பு இல்லாமல் இருப்பது வேறு, முடிவில்லாமல் இருப்பது வேறு என்று அவர் அதில் காட்டினார். பூமியின் மேற்பரப்பையே எடுத்துக்கொள்வோம். எந்தத் திசையில் எத்தனை காலம் போனாலும் விளிம்பு தட்டுப்படாது. ஆனால் அதன் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர்தான். நாம் வாழும் முப்பரிமாண வெளியும் இப்படியே இருக்கலாமே! ஆர்க்கிடாஸ் எங்கே நின்றும் கையை நீட்டலாம், எதுவும் தடுக்காது, இருந்தும் அண்டத்தின் மொத்தக் கன அளவு ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடும்.

இன்னொன்றும் இதிலிருந்து வந்தது. வெளி வளைந்திருக்கிறதா என்று அறிய அதற்கு வெளியே போய் நிற்க வேண்டியதில்லை, உள்ளிருந்தே அளக்கலாம். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு கோடுகள் போடுங்கள். அவற்றை நிலநடுக்கோட்டின் வழியே இணையுங்கள். மூன்று கோணங்களும் 90, கூட்டுத்தொகை 270. மூடிய வெளியில் முக்கோணம் இப்படி உப்பும். எதிர்ப்பக்கம் வளைந்த வெளியில் 180க்குக் கீழே இறங்கும். தட்டை வெளியில் மட்டும் 180.

1917இல் ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியல் கோட்பாட்டை முழு அண்டத்துக்கும் பொருத்தியபோது, ரீமான் காட்டிய மூடிய வடிவத்தையே தேர்ந்தெடுத்தார்: முடிவுள்ள, ஆனால் விளிம்பற்ற அண்டம். அது அசையாமல் நிற்பதாகவும் எண்ணினார். பெட்ரோகிராடிலிருந்து அலெக்சாந்தர் ஃப்ரீட்மான் 1922, 1924 ஆண்டுகளில் எழுதிய இரு கட்டுரைகள் அந்த அசையாமையைக் குலைத்தன. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளின்படியே அண்டம் விரியலாம், சுருங்கலாம். வளைவு நேர்க்குறியாகவும் இருக்கலாம், எதிர்க்குறியாகவும் இருக்கலாம். வளைவை அறிந்துவிட்டால் மட்டும் அண்டம் முடிவுள்ளதா இல்லையா என்று சொல்லிவிட முடியாது என்றும் ஃப்ரீட்மான் எச்சரித்தார். மறு ஆண்டே, 37 வயதில், அவர் காய்ச்சலில் இறந்தார். அவருடைய இந்த எச்சரிக்கைக்கு இன்றும் உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

பூமராங்குக்கு வருவோம். அண்டம் தோன்றிய முதல் 3,80,000 ஆண்டுகள் அது கொதிக்கும் மின்மக் குழம்பாக இருந்தது. அதில் ஒலியலைகள் ஓடின. குழம்பு சுமார் 3,000 டிகிரிக்கு ஆறியபோது அணுக்கள் உருவாகி, ஒளி தடையின்றிக் கிளம்பியது. அந்த ஒளிதான் இன்று 2.7 டிகிரி கெல்வின் அளவுக்குத் தணிந்து, வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் நுண்ணலைகளாக வந்துகொண்டிருக்கிறது. 1964இல் பென்சியாஸும் வில்சனும் நியூ ஜெர்சியில் ஓர் ஆன்டெனாவில் கேட்ட நீங்காத இரைச்சல் அதுதான். ஒலியலைகள் விட்டுச்சென்ற சூடான, குளிர்ந்த திட்டுகள் அந்த நுண்ணலைப் படத்தில் உறைந்திருக்கின்றன. 3,80,000 ஆண்டுகளில் ஒலி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை இயற்பியல் சொல்லிவிடும். அது முக்கோணத்தின் அடிப்பக்கம். திட்டுகள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதும் கணக்கில் கிடைக்கும். வெளி தட்டையானால் அவை வானில் சுமார் ஒரு டிகிரி அகலத்தில் தெரிய வேண்டும். முழுநிலவைப் போல இரு மடங்கு. மூடிய வெளியானால் இன்னும் பெரிதாக, எதிர் வளைவானால் சிறிதாக.

2000 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் விடை வெளியானது. ஒரு டிகிரி. அண்டம் தட்டை.

பின்னர் வந்த டபிள்யூமேப், பிளாங்க் விண்கலங்கள் இந்த அளவீட்டைக் கூர்தீட்டின. பிளாங்கின் 2018ஆம் ஆண்டு முடிவுகளைக் கேலக்ஸிக் கணக்கெடுப்புகளோடு சேர்த்தால், வளைவைக் குறிக்கும் எண் 0.0007, பிழை வரம்பு கூட்டியோ கழித்தோ 0.0019. அதாவது சுழியத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை. பிளாங்க் தரவைத் தனியே பார்த்தால் அது மூடிய அண்டத்தின் பக்கம் சற்றுச் சாய்கிறது என்று 2019இல் எலியோனோரா தி வாலன்டினோவும் இரு சக ஆய்வாளர்களும் சுட்டிக்காட்டினார்கள். மற்ற தரவுகள் சேர்ந்ததும் அந்தச் சாய்வு மறைந்துவிடுவதால் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர்கள் கேட்டார்கள்.

இங்கேதான் பல புத்தகங்களும் கட்டுரைகளும் ஒரு படியைத் தாவிவிடுகின்றன. அண்டம் தட்டை, ஆகவே முடிவற்றது என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஒரு காகிதத்தில் முக்கோணம் வரையுங்கள். கோணங்களின் கூட்டுத்தொகை 180. காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஓரங்களை ஒட்டுங்கள். முக்கோணம் நசுங்கவில்லை, இழுபடவில்லை. கூட்டுத்தொகை இன்னும் 180தான். ஆனால் குழாயைச் சுற்றி ஊரும் எறும்பு கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும். முப்பரிமாண வெளியில் மூன்று திசைகளையும் இப்படி இணைக்க முடியும் என்கிறது கணிதம். வளைவு துல்லியமாகச் சுழியம்; கன அளவோ முடிவுள்ளது. முக்கோணங்களை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த அண்டத்தையும் முடிவற்ற அண்டத்தையும் பிரித்தறிய முடியாது. ஃப்ரீட்மான் சொன்னதும் இதுதான்.

வேறு தடயம் தேட வேண்டும். நுண்ணலை ஒளி நமக்கு எல்லாத் திசையிலிருந்தும் ஒரே தொலைவிலிருந்து வருவதால், அது நம்மைச் சுற்றி ஒரு கோளமாக அமைகிறது. வெளி விரிந்துகொண்டே வந்ததால், அந்தக் கோளம் இன்று நம்மிடமிருந்து ஏறத்தாழ 4,600 கோடி ஒளி ஆண்டுகள் தள்ளியிருக்கிறது. அண்டம் அந்தக் கோளத்தைவிடச் சிறியதாகத் தன்மீதே இணைந்திருந்தால், கோளம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். வெட்டும் இடங்கள் வட்டங்கள். ஆகவே வானின் இரு வேறு திசைகளில், ஒரே சூடு குளிர் வரிசை கொண்ட இரட்டை வட்டங்கள் தெரிய வேண்டும். நீல் கார்னிஷ், டேவிட் ஸ்பெர்கல், க்ளென் ஸ்டார்க்மான் மூவரும் 1998இல் முன்வைத்த இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. பேரண்டத்தின் கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்கும் துணிச்சல் அதில் இருக்கிறது. 2003இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-பியேர் லூமினே, அண்டம் பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட வடிவமாக இருக்கலாம் என்று எழுதியபோது எதிர்பார்ப்பு உச்சத்துக்குப் போனது. ஆனால் டபிள்யூமேப் படத்தில் வட்டங்களைத் தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பிளாங்கிலும் இல்லை. அண்மைக் காலத்தில் 'காம்பாக்ட்' என்ற ஆய்வுக் குழு, இதுவரை சரிபார்க்கப்படாத பல இணைப்பு வடிவங்கள் மிச்சமிருக்கின்றன என்று காட்டி, வட்டங்கள் இல்லாவிட்டாலும் தெரியக்கூடிய நுட்பமான தடயங்களைத் தேடத் தொடங்கியிருக்கிறது.

இந்தத் தேடலில் ஒரு சமனின்மை உண்டு. அண்டம் முடிவுள்ளது என்றால், நல்வாய்ப்பிருந்தால், ஒருநாள் அது நிரூபணமாகலாம்: ஒரு ஜோடி வட்டங்கள் போதும், அல்லது சந்தேகத்துக்கு இடமின்றி நேர்வளைவைக் காட்டும் ஓர் அளவீடு போதும். அண்டம் முடிவற்றது என்றால் அதை எந்தக் கருவியாலும் எந்தக் காலத்திலும் நிரூபிக்க முடியாது. வளைவு சுழியம் என்று எத்தனை தசம இடங்களுக்கு அளந்தாலும் அடுத்த இடம் மிச்சமிருக்கும். அதற்கும் ஒரு கட்டம் வரைதான் போக முடியும்: அண்டத்தின் அடர்த்தியே லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேடுபள்ளமாக இருப்பதால், பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழான வளைவு அந்த மேடுபள்ளத்தில் மறைந்துவிடும். இரு தரப்பும் சமபலத்தோடு மோதுவதாகக் கான்ட் கண்ட வழக்கில், சாட்சி சொல்லும் வாய்ப்பு ஒரு தரப்புக்கு மட்டுமே இருக்கிறது.

இதோடு ஒட்டிய ஒரு தவறான எண்ணத்தையும் விலக்க வேண்டும். பெருவெடிப்பில் அண்டம் முழுதும் ஒரு புள்ளியாக இருந்தது என்று படிக்கிறோம். ஒரு புள்ளியளவுக்குச் சிறுத்திருந்தது நாம் பார்க்கக்கூடிய பகுதி மட்டுமே. அண்டம் இன்று முடிவற்றதாக இருந்தால் அன்றும் முடிவற்றதாகவே இருந்தது. எங்கும் ஒரே நேரத்தில் அடர்ந்து, கொதித்துக் கிடந்தது. முடிவற்ற ஒன்றை எவ்வளவு சுருக்கினாலும் அது முடிவற்றதுதான்.

காலத்தின் கதை வேறு. அதற்கு ஒரு தொடக்கம் இருக்கலாம் என்பதற்கான முதல் சான்று இரவின் இருட்டு. நட்சத்திரங்கள் முடிவற்ற வெளியில், முடிவற்ற காலமாக ஒளிர்கின்றன என்று கொண்டால், இரு மடங்கு தொலைவிலுள்ள நட்சத்திரத்தின் ஒளி கால் பங்காகக் குறையும். ஆனால் அந்தத் தொலைவில் நட்சத்திரங்கள் நான்கு மடங்கு இருக்கும். ஒவ்வொரு தொலைவிலிருந்தும் சமமான ஒளி வந்து சேர்ந்து, இரவு வானமே சூரியனின் முகம்போலத் தகிக்க வேண்டும். 1823இல் பிரெமன் நகர மருத்துவர் ஓல்பர்ஸ் இதை எழுதியதால் இந்தப் புதிர் அவர் பெயரில் நிற்கிறது. கெப்ளர் போன்றவர்கள் அவருக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். விடை: நட்சத்திரங்கள் ஒளிரத் தொடங்கி முடிவற்ற காலம் ஆகவில்லை. தொலைவிலுள்ளவற்றின் ஒளி இன்னும் வந்து சேரவில்லை.

கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சவுத்ரி 1950களில் இந்தத் தொடக்கக் கேள்வியின் ஆழத்துக்குப் போனார். விரியும் அண்டத்தைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஓரிடத்தில் குவிந்து அடர்த்தி எல்லையற்றுப் போகிறதே, அது நாம் அண்டத்தைச் சீரானது என்று எளிமைப்படுத்தியதால் வந்த மாயமா? சீரில்லாத அண்டத்தில் துகள்கள் ஒன்றையொன்று தவறவிட்டுக் கடந்து போகாதா? பெரிய ஆய்வுக் குழுவோ வழிகாட்டியோ இல்லாமல் இதை ஆராய்ந்து, அவர் 1955இல் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழில் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். ஈர்ப்பு பாதைகளைக் குவிக்கும். சீரின்மை குவிதலைத் தடுப்பதற்குப் பதில் விரைவுபடுத்தும். சுழற்சி மட்டுமே எதிர்த்து நிற்கும். அந்தச் சமன்பாடு இல்லாமல் 1965இல் ரோஜர் பென்ரோஸ் கருந்துளைகளுக்கும், தொடர்ந்து ஸ்டீபன் ஹாக்கிங் அண்டத்துக்கும், குவிதல் தவிர்க்க முடியாதது என்று தந்த தேற்றங்கள் இல்லை. பென்ரோஸுக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரசிடென்சி கல்லூரியில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கிய ராய்சவுத்ரி 2005இல் காலமானார். நம் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக இடம்பெற வேண்டும்.

அப்படியென்றால் காலம் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிவிட்டதா? இல்லை, அந்த எண் சொல்வது அவ்வளவு அல்ல. கொதிநிலையிலிருந்து இன்றுவரை கழிந்த காலத்தை மட்டுமே அது சொல்கிறது. தேற்றங்கள் காட்டும் அந்த முதல் புள்ளியில் பொதுச் சார்பியலே செயலிழக்கிறது. அங்கே குவாண்டம் விதிகள் தேவை. மகாராஷ்டிரத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அபய் அஷ்டேகரும் சக ஆய்வாளர்களும் 2006இல் அத்தகைய ஒரு கணக்கைச் செய்தபோது, தொடக்கப் புள்ளிக்குப் பதிலாக ஒரு துள்ளல் வந்தது: முன்பு சுருங்கிக்கொண்டிருந்த ஓர் அண்டம் திரும்பி விரியத் தொடங்கியது. மறுபக்கம், சராசரியாக விரிந்துகொண்டே வந்த எந்த அண்டமும் கடந்த காலத்தில் முடிவில்லாமல் நீள முடியாது என்று போர்டே, கூத், விலென்கின் மூவரும் 2003இல் நிரூபித்தார்கள். துள்ளும் அண்டத்தில் சுருங்கும் காலமும் உண்டு என்பதால் அதை இந்தத் தேற்றம் கட்டுப்படுத்தாது. இரண்டில் எது உண்மை என்று சொல்ல வானிலிருந்து இன்னும் தடயம் கிடைக்கவில்லை.

எதிர்காலம் இதைவிட எளிது என்றே சில ஆண்டுகள் முன்புவரை தோன்றியது. அண்டத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்பது 1998இல் தெரியவந்தது. அதற்குக் காரணமான கரும் ஆற்றல் மாறாமல் இருந்தால் காலத்துக்கு முடிவு வராது. ஆனால் பார்வைக்கு முடிவு உண்டு. வெளி விரியும் வேகத்தில், இன்று சுமார் 6,300 கோடி ஒளி ஆண்டுகளுக்கு அப்பால் உள்ள இடங்களிலிருந்து பெருவெடிப்பின்போதே கிளம்பிய ஒளிகூட, எத்தனை காலம் காத்திருந்தாலும் நம்மை எட்டாது. இரட்டை வட்டங்கள் அதற்கும் அப்பால் இருந்தால், நம் சந்ததியினருக்கும் அவை தெரியப்போவதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில், கிட் பீக் மலையில் இயங்கும் 'டெசி' கருவி ஏறக்குறைய 1.5 கோடி கேலக்ஸிகளையும் குவேசார்களையும் அளந்து 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவுகள், கரும் ஆற்றல் காலப்போக்கில் பலவீனமாகி வரலாம் என்று சைகை காட்டுகின்றன. உறுதி செய்ய அது போதாது. இன்னும் தரவு சேர்கிறது. அது மெய்யானால் 6,300 கோடி என்ற எல்லையும் நிலையானதல்ல. விரிவின் வேகம் தளரத் தளர, இதுவரை எட்டாத தொலைவுகளின் ஒளியும் நம் பக்கம் வந்து சேரத் தொடங்கலாம்.