15 கிலோமீட்டர் வைஃபை

அடுத்த அறைக்குப் போனாலே வீட்டு வைஃபை தடுமாறுகிறது. அதே வைஃபையைக் கொண்டுதான் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரத்தில் உள்ள தன் ஐந்து பார்வை மையங்களை 2000-களின் நடுவில் இணைத்தது. அந்த மையங்களில் மருத்துவர் கிடையாது. பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரை வழியே நோயாளியிடம் பேசி, கண்ணாடி போதுமா, அறுவைச் சிகிச்சைக்கு வர வேண்டுமா என்று சொல்வார். வலையமைப்பை உருவாக்கியது பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழு. அதன் மிக நீளமான இணைப்பு 15 கிலோமீட்டர்.

அலையை அவ்வளவு தூரம் அனுப்புவது பெரிய வித்தை அல்ல. நாலாபுறமும் சிதறும் ஆற்றலை ஒரே திசையில் குவிக்கும் ஆண்டெனாக்களை உயரத்தில் ஏற்றி, மறைப்பு ஏதுமின்றி நேருக்கு நேர் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் நேரத்தில் இருந்தது. அன்றைய வைஃபையில் ஒவ்வொரு தகவல் பொட்டலம் கிடைத்ததும் மறுமுனை உடனே ஒப்புகை அனுப்ப வேண்டும். வராவிட்டால், தொலைந்துவிட்டது என்று கருதி ரூட்டர் மறுபடி அனுப்பும். ரேடியோ அலை ஒரு மைக்ரோவிநாடியில் 300 மீட்டர் செல்லும். வீட்டுக்குள் இந்தத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. 15 கிலோமீட்டர் போய்த் திரும்பவோ 100 மைக்ரோவிநாடி ஆகிறது. அதற்குள் பொறுமை இழக்கும் ரூட்டர், பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததையே திரும்பத் திரும்ப அனுப்பும். காத்திருப்பு நேரத்தைக் கூட்டினால், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சும்மா இருந்தே வேகம் வீணாகும். ‘யாரும் பேசவில்லையே’ என்று கேட்டுவிட்டுப் பேசும் வழக்கமும் இங்கே உதவாது; எதிர்முனை பேசத் தொடங்கியதே இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

பெர்க்லி குழு இந்த நெறியையே மாற்றியது. ஒற்றை வழிப் பாலத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மொத்தமாக விட்டு, பிறகு மறுபக்கத்தைத் திறப்பதுபோல, இரு முனைகளும் முறைவைத்து அனுப்பும். ஒப்புகையும் பொட்டலத்துக்கு ஒன்றாக இல்லாமல் கட்டுக்கட்டாக வரும். ‘வைல்டுநெட்’ என்ற இந்த முறை 2007-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. ரூட்டரின் வன்பொருள் கடையில் கிடைப்பதுதான், மாறியது மென்பொருள்.

அலையையும் நேரத்தையும் சமாளித்த பிறகு, ரூட்டர்களை அடிக்கடி முடக்கியது மின்சாரம். திடீரென எகிறும் மின்னழுத்தம் கருவியை எரித்துவிடும். குறைந்த மின்னழுத்தமோ அதைவிடத் தொல்லை: ரூட்டர் அரைகுறையாக உயிர்பெற்று உறைந்துபோகும், நினைவக அட்டையில் உள்ளது சிதையும். சரிசெய்ய ஒருவர் அந்த ஊருக்கே போய், ஆண்டெனா நிற்கும் உயரத்துக்கு ஏற வேண்டும். அதனால் அழுத்தம் குறைந்தால் தானாகத் துண்டிக்கும் சுற்றும், கருவி உறைந்தால் மறுபடி இயக்கும் கண்காணிப்புக் கடிகாரமும் சேர்க்கப்பட்டன.

தொலைவில் ஒரு கிளை அலுவலகத்தை இணைக்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வேகம் என்பதைத்தான். தேனி அனுபவத்தின்படி, அவற்றுக்கும் முன்பே அந்த ஊர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து பார்த்துவிடுவது நல்லது.