அதிராமல் நடக்கும் குதிரை

உங்கள் இரு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் நடுவிரல்களையும் மேசைமீது வையுங்கள். முதலில் இரண்டிரண்டு விரல்களாகத் தட்டுங்கள். இது சாதாரணக் குதிரையின் துள்ளோட்டம். இப்போது நான்கு விரல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக, சம இடைவெளியில் தட்டுங்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உருவான 'டென்னசி வாக்கிங்' இனக் குதிரையின் விரைவு நடை இதுதான். (குதிரை நடைக்குத் தமிழில் 'கதி' என்று பெயர், 'ஐங்கதி' என்னும் பழஞ்சொல்லை அகராதியில் காணலாம்.)

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? துள்ளோட்டத்தில் மூலைவிட்டமாக அமைந்த இரு கால்கள் சேர்ந்து ஊன்றுகின்றன. அடுத்த இரு கால்கள் ஊன்றுவதற்குமுன் ஒரு கணம் நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றன. உடலின் ஈர்ப்பு மையம் ஏறி இறங்குகிறது. மேலே இருப்பவருக்கு இடுப்பு நோகிறது. விரைவு நடையிலோ ஏதேனும் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். எடை காலுக்குக் கால் கைமாறுகிறதே தவிர, உடல் தூக்கி எறியப்படுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்ட முதலாளிகள் நாள் முழுவதும் வயல்களைச் சுற்றிவர இதனை விரும்பியதில் வியப்பில்லை.

இந்த நடை பழக்கத்தால் மட்டும் வருவதன்று. டி.எம்.ஆர்.டி.3 என்னும் ஜீனில் ஏற்பட்ட ஒரு மாற்றமே இதற்கு அடிப்படை என்பதை 2012-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கால்களின் தாளத்தை ஒழுங்குபடுத்தும் தண்டுவட நரம்பணுக்களில் அந்த ஜீன் வேலை செய்கிறது. அதாவது, குட்டி பிறக்கும்போதே தாளம் அதன் முதுகில் இருக்கிறது!

அப்படியிருந்தும் மனிதனுக்குப் போதவில்லை. காட்சிப் போட்டிகளில் முன்கால்கள் இன்னும் உயரமாக எழவேண்டுமாம். நிற்கும் குதிரையின் எடையில் சுமார் 60 விழுக்காட்டை முன்கால்களே தாங்குகின்றன. குளம்புக்கு மேலே கடுகெண்ணெய், மண்ணெண்ணெய் போன்றவற்றைத் தடவிப் புண்ணாக்கி, அதன்மேல் சங்கிலியும் மாட்டினால் என்ன ஆகும்? குதிரை வலி தாளாமல் எடையைப் பின்கால்களுக்கு மாற்றி, முன்காலை வெடுக்கென்று தூக்கும். கூட்டம் கைதட்டும். இக்கொடுமையைத் தடுக்க 1970-ல் அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அது முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

இத்தகைய இடத்திலிருந்து, எலும்பும் தோலுமாக, இரண்டு வயதுக் குதிரை ஒன்று மீட்கப்பட்டு வருவதாக வைத்துக்கொள்வோம். பரிவு மிகுந்தவர் முதலில் செய்யும் தவறு, தானியத்தை அள்ளி வைப்பது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் மாவுச்சத்து திடீரென்று சேர்ந்தால் இன்சுலின் பெருகும். அது குளுக்கோசுடன் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றையும் இரத்தத்திலிருந்து செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் இவை குறைந்ததும் இதயமும் மூச்சும் தடுமாறும். சில நாட்களில் குதிரை இறக்கவும் கூடும். பட்டினியில் பிழைத்தது உணவில் மடிவது எவ்வளவு பரிதாபம்! ஆகவே கால்நடை மருத்துவர்கள் மாவுச்சத்து குறைந்த குதிரைமசாலை, முதல் சில நாட்களுக்கு நான்கு மணிக்கொரு முறை சுமார் அரைக் கிலோ வீதம் கொடுக்கச் சொல்கின்றனர். பிறகு பத்து நாட்களில் சிறிது சிறிதாக அளவைக் கூட்டவேண்டும்.

குளம்பில் அடித்த தடித்த அட்டைகளைக் கழற்றி, குளம்பைப் படிப்படியாகச் சீவிச் சரிசெய்வது லாடம் கட்டுபவரின் வேலை. நோய் பரவாதிருக்கச் சில வாரங்கள் தனிக் கொட்டிலில் வைக்கவேண்டும். ஆனால் வேறொரு குதிரை கண்ணில் படும்படி இருக்கட்டும். கூட்டமாக வாழும் விலங்குக்கு முழுத்தனிமை தண்டனையே. சவாரியைப் பற்றி இப்போது நினைக்கவே கூடாது. முதுகெலும்புகளின் வளர்ச்சி முடிய ஐந்து வயதுக்கு மேலாகும்.

அச்சத்தைப் போக்குவதுதான் கடினம். காலைத் தொட்டால் வலி என்பதையே அது கற்றிருக்கிறது. குதிரைக்கு நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் கண் தெரியாது. எனவே பேசிக்கொண்டே தோள்பக்கமாக நெருங்கவேண்டும். மெல்லப் பேசினால் போதும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்குச் சுமார் 33,000 வரை கேட்கும். பிடரிமயிர் முடியும் இடத்தில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நீங்களும் தாடைக்கு அடியில் விரல் வைத்து எண்ணலாம். அமைதியாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 40 வரை இருக்கும். இளங்குதிரைக்குச் சற்றுக் கூடுதல்.

தோளிலிருந்து கை கீழே இறங்கும். முழங்காலை எட்டியதும் குதிரை நடுங்கினால், அன்றைக்கு அதோடு சரி. சில குதிரைகளிடம் குளம்பைத் தொட மாதக்கணக்காகும்.

புது இடம் அதற்குப் பழகிவிட்டதென்று எப்படி அறிவது? குதிரை நின்றபடியே கண்ணயரும். பின்கால் முழங்கால் சிப்பியைக் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு, தசைக்கு அதிக வேலையின்றி நிற்க அதனால் முடியும். ஆனால் தசைகள் முற்றிலும் தளரும் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆகவேண்டும். ஆபத்து இல்லையென்று நம்பாத குதிரை படுக்காது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் விடியற்காலையில் கொட்டிலுக்குப் போனதும் தீவனத் தொட்டியைப் பார்ப்பதில்லை. குதிரையின் விலாவில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.